பீப்பாயில் எரிந்தவை

"போனை எடுக்காதேன்னு சொன்னேனா இல்லையா?"

"மணி அடிச்சா எடுக்கத்தானே சுவத்துல மாட்டி வச்சிருக்கு..."

"எடுத்து என்னத்தைக் கண்ட? நேத்து மாதிரியே..."

"கத்தாதே வெண்டெல், மாடியில பொண்ணு தூங்கறா."

"என் வீட்ல நான் கத்தாம வேற எவன் கத்துவான்? என்ன சொன்னான், அதைச் சொல்லு!"

ஆர்லிஸ் ரிசீவரை மாட்டினாள். மாட்டிய கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"திட்டல்லாம் இல்ல. நம்ம வாசக் கதவு பச்சைன்னு சொன்னான். அவ்வளவுதான். வச்சுட்டான்."

வெண்டெல் ப்ரூனருக்கு அதற்கு மேல் கத்த வரவில்லை. ஜன்னல் பக்கம் போய்த் திரையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தார். வெளியே சோளக்காடு, சரளை ரோடு, அதற்கப்பால் மறுபடியும் சோளக்காடு. யாரும் இல்லை.

இத்தனைக்கும் நடந்தது என்ன? எங்கள் டன்பரியில் வசந்தகாலத்து மழைக்கு நூலகத்தின் நிலவறையில் தண்ணீர் புகுந்தது. பெட்டி பெட்டியாகப் பழைய புத்தகங்கள் பூஞ்சை பிடித்துப் போயின. நூலகக் குழுவுக்குத் தலைவி ஆர்லிஸ். "எடுத்துட்டுப் போய் ஏதாவது பண்ணு" என்று புருஷனிடம் சொன்னாள். நெப்ராஸ்காவில் ஊருக்கு வெளியே இருக்கிறவர்கள் குப்பையை என்ன செய்வோமோ அதையே அவரும் செய்தார். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற இரும்புப் பீப்பாயில் போட்டுக் கொளுத்தினார்.

கொளுத்திய வாரம்தான் சரியில்லை.

அதே வாரத்தில்தான் பிள்ளைகள் அலமாரியில் இருந்த ஒரு படப் புத்தகத்தைப் பற்றிக் கூட்டம் நடந்தது. இது சின்னப் பிள்ளைகள் பார்க்கிற படமா என்று பாதி ஊர். தொட்டால் நடக்கிறதே வேறு என்று மீதி ஊர். ஆர்லிஸ் நடுவில் ஒரு வழி சொன்னாள்: மாடியில் பெரியவர்கள் பகுதியில் வைப்போம், வேண்டிய தாய் தகப்பன் எடுத்துப் போகட்டும். இரண்டு கட்சியும் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போயின. அதோடு முடிந்தது என்று நினைத்தாள்.

ரோட்டிலிருந்து யாரோ ஒரு படம் எடுத்துவிட்டார்கள். பீப்பாய், தீ, கையில் கவைக்கோலோடு வெண்டெல். மறுநாள் சாயங்காலம் பெரிய தொலைக்காட்சி ஒன்றில் 'புத்தகம் எரிக்கும் ஊர்' என்று தலைப்பு ஓடியது. அன்றிலிருந்து அந்தத் தீ தேசம் முழுக்க எரிந்துகொண்டே இருக்கிறது. இரண்டு பேரில் ஒருவரையாவது கூப்பிட்டு 'என்னம்மா நடந்தது' என்று அந்தத் தொலைக்காட்சி கேட்கவில்லை.

அந்தத் தொலைக்காட்சியில் வேலை பார்க்கிறவள்தான் இவர்கள் மகள் மார்னி. சிகாகோவிலிருந்து நேற்று வந்து இறங்கியிருக்கிறாள்.

---

மார்னி கீழே இறங்கி வந்தபோது அப்பா சினமன் ரோல் என்கிற பட்டை போட்ட இனிப்பு ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே இருந்தார். வாய்க்கு ஒன்றும் போகவில்லை.

"வாங்க மேடம். உங்க ஆளுங்க இன்னிக்கு என்ன சமைக்கறாங்க?"

"அப்பா, காபியாவது குடிக்க விடுங்க."

"குடி, குடி. நான் நாஜியா, இல்ல வெறும் முட்டாளா? எதுன்னு முடிவாயிடுச்சான்னு தெரிஞ்சா அதுக்கேத்த சட்டை போட்டுக்குவேன்."

"வெண்டெல்!" என்றாள் ஆர்லிஸ்.

"பின்ன என்ன? ஆலங்கட்டி மழையில மூணு ஊர் வெள்ளாமை போச்சு. ஒரு கேமரா வந்துச்சா? ஆஸ்பத்திரியை இழுத்து மூடினான், பிரசவத்துக்கு ஒண்ணரை மணி நேரம் ஓட்டிட்டுப் போறோம். வந்துச்சா? நம்ம மூஞ்சியைப் பார்த்ததுமே கதையை எழுதி முடிச்சுடறாங்க. அப்புறம்தான் அதுக்கு ஏத்த படம் தேடறாங்க. இதை நான் இருபது வருஷமா சொல்றேன், இவ சிரிச்சா."

"இப்ப சிரிக்கலையேப்பா."

அவள் சொன்ன விதத்தில் வெண்டெல் நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தப் படம் வந்தப்ப நான் அங்கதான் உக்காந்திருந்தேன். 'ப்ரூனரா? உனக்கு உறவா?'ன்னு கேட்டாங்க. எங்கப்பான்னேன். போன் நம்பர் தரேன், கூப்பிட்டுக் கேளுங்கன்னேன். 'நேரமில்லை, அஞ்சு நிமிஷத்துல ஒளிபரப்பு'ன்னாங்க. அதுக்கப்புறம் எங்கூட யாரும் சாப்பிட வரல. அவ்வளவுதான் என் கதை."

அடுப்பு முன்னால் நின்ற ஆர்லிஸ் மகள் தட்டில் இன்னொரு ரோலை வைத்தாள்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு என்னைப் பேட்டி எடுக்க உங்க டிவியோட கேமராக்காரர் வந்துடுவார்ல?"

"வருவார்ம்மா. ஒமாஹாவுலேருந்து வரார். நீ சமையலறையில உக்காந்தே பேசலாம்."

"நேரடி ஒளிபரப்புதானே? அப்பா அதுல பிடிவாதமா இருக்கார்."

"ஆமா, நேரடிதான். பதிவு பண்ணினா வெட்டி ஒட்டிடுவாங்க," என்றார் வெண்டெல். "இவ சொல்றதை இவ வாயாலயே ஊரு கேக்கட்டும்."

"நீ என்ன சொல்லப்போறம்மா?" மார்னி கேட்டாள்.

"உள்ளதைத்தான். எரிச்சது பூஞ்சைக் குப்பை. சண்டை நடந்த புத்தகம் பத்திரமா நூலக மாடியில இருக்கு. யார் வேணா வந்து பாக்கலாம்." ஆர்லிஸ் கையைத் துடைத்துக்கொண்டாள். "நாப்பது வருஷம் மூணாம் வகுப்புப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தவ நான். பொய் சொல்லத் தெரியாது. அது ஒண்ணுதான் என் கையில இருக்கு."

வெண்டெல் சட்டென்று எழுந்து, மாட்டைப் பார்க்க வேண்டும் என்று வெளியே போனார். தட்டில் ரோல் அப்படியே கிடந்தது.

---

எங்கள் பக்கம் வண்டி வருவதற்கு முன் புழுதி வரும்.

பத்து மணிக்குப் புழுதி வந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஆர்லிஸ் அதைப் பார்த்தாள். சாம்பல் நிறக் கார். வீட்டுக்கு நேராக வந்ததும் நடக்கிற வேகத்துக்குக் குறைந்தது.

"யாரும்மா?"

"தெரியல. பொறு, கையைப் பாக்கறேன்."

இங்கே வண்டி ஓட்டுகிறவர்கள் எதிரே யாரைக் கண்டாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார்கள். பகையாளியாக இருந்தாலும் தூக்குவார்கள். பழக்கம் அப்படி.

காருக்குள் இருந்தவன் ஆர்லிஸை நேராகப் பார்த்தான். விரல் தூக்கவில்லை. போனைத் தூக்கிப் படம் எடுத்தான். மெதுவாக நகர்ந்து போனான்.

அரை மணிக்குள் அதே கார் எதிர்ப்பக்கமிருந்து வந்தது.

"கதவைப் பூட்டும்மா," என்றாள் மார்னி.

"எதைப் பூட்ட?"

"கதவை! வாசக் கதவை!"

"சாவி எங்கன்னு கேக்கறேன்."

மார்னிக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அவள் இந்த வீட்டில் பதினெட்டு வருஷம் வளர்ந்தவள். இந்தக் கதவில் யாரும் சாவி போட்டு அவள் பார்த்ததில்லை. கல்யாணத்துக்குப் போனாலும், சாவுக்குப் போனாலும் திறந்துதான் கிடக்கும். பக்கத்துப் பண்ணைக்காரர் வந்து முட்டையை வைத்துவிட்டுப் போவார்.

அம்மாவும் மகளும் இழுப்பறைகளைக் கவிழ்த்தார்கள். பழைய பேட்டரி, நூல்கண்டு, டிராக்டர் சாவி, தேவாலயத்துச் சமையலறைச் சாவி, யாருடைய வீட்டுச் சாவி என்றே தெரியாத சாவிகள். ஒன்றுகூட அந்தப் பச்சைக் கதவுக்குள் நுழையவில்லை.

"பாட்டி காலத்துல இருந்திருக்கும்மா."

"அவங்க அதையும் கூடவே எடுத்துட்டுப் போயிட்டாங்க போல," என்றாள் ஆர்லிஸ். சிரிக்கப் பார்த்தாள்.

கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பாட்டு மேசையைத் தள்ளிக்கொண்டு போய்க் கதவில் சாய்த்தார்கள். பின்கதவுக்குத் துணி துவைக்கிற இயந்திரம். தன் வீட்டுக்குள் மேசையைத் தள்ளி வைத்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றபோதுதான் ஆர்லிஸுக்கு முதன்முதலாகக் கண் கலங்கியது.

மறுபடியும் புழுதி. இந்தத் தடவை ஷெரிஃப் அலுவலக வண்டி. ஓட்டி வந்தவன் விரலைத் தூக்கினான். ஆர்லிஸ் அதைப் பார்த்த பிறகுதான் மேசையை இழுத்தாள்.

"டீச்சர், மேசையா இது?" துணை ஷெரிஃப் டெனிஸ் கோவார் தொப்பியைக் கழற்றிக்கொண்டு இடுக்கு வழியாக உள்ளே நுழைந்தான்.

"சாவி இல்லடா. நீ காலைத் துடைச்சியா?"

"துடைச்சேன் டீச்சர்." டெனிஸ் உட்காரவில்லை. "உங்க விலாசத்தை எவனோ இன்டர்நெட்டுல போட்டுட்டான். வீட்டுப் படத்தோட. நீங்க கெளம்பி கியர்னியில உங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிடுங்களேன். ஒரு வாரம்."

"நான் ஓடினா அந்தப் புத்தகத்தை எரிச்சது நெஜம்னு ஆயிடும்."

"இந்தப் பாதி மாவட்டத்துக்கும் நான் ஒருத்தன்தான். எங்கியாவது விபத்துன்னா நான் அங்க போயிடுவேன். அதான் பயமா இருக்கு." கொஞ்சம் தயங்கினான். "பயப்பட வேணாம்னு சொல்லத்தான் வந்தேன். சொல்ல முடியல."

---

மத்தியானம் கடந்து வந்தது ஒரு பெரிய டிரக். நாலு ஆண்கள் இறங்கினார்கள். இரண்டு பேர் கையில் துப்பாக்கி. முன்னால் வந்த தாடிக்காரர் வாசலில் நின்று மரியாதையாகத் தொப்பியைத் தொட்டார்.

"மிஸஸ் ப்ரூனர்? உங்களுக்குக் காவலா வந்திருக்கோம். நீங்க நிம்மதியா இருக்கலாம்."

"நீங்க எந்த ஊரு?"

"தூரம். அது எதுக்கு? டிவியில பாத்தோம். நம்ம ஆளுங்கன்னு கெளம்பி வந்துட்டோம்."

"நல்ல மனசு உங்களுக்கு. ஆனா எனக்கு உங்களைத் தெரியாதே."

"எங்களுக்கு உங்களைத் தெரியும். நீங்க செஞ்சது சரி. இன்னும் எரிக்கணும்."

"நான் எதையும் செய்யல. அது பூஞ்சை பிடிச்ச குப்பை."

தாடிக்காரர் சிரித்தார். கண்ணைச் சிமிட்டினார்.

"அப்படியே சொல்லுங்க. எங்களுக்குப் புரியும்."

அந்தச் சாம்பல் கார்க்காரன் ஆர்லிஸ் புத்தகம் எரித்தாள் என்று நம்பி வெறுத்தான். இவர் அதையே நம்பி அவளுக்குக் காவல் நிற்க வந்திருக்கிறார். இரண்டு பேரில் ஒருவரும் அவள் சொல்வதைக் காதில் வாங்குவதாக இல்லை.

"காவல் நிக்கறதுன்னா ரோட்டு முனையில நில்லுங்க. துப்பாக்கியை வண்டிக்குள்ள வைங்க. பசிச்சா சொல்லுங்க, கறியும் கோஸும் அடைச்ச ரொட்டி, ரன்சா சுட்டு வச்சிருக்கேன்."

"சரிங்கம்மா."

போனார்கள். தபால் பெட்டிக்குப் பக்கத்தில் டிரக்கைக் குறுக்கே நிறுத்தினார்கள். துப்பாக்கி வண்டிக்குள் போகவில்லை.

"இப்ப உள்ளயிருந்து வெளிய போகவும் முடியாது போல," என்று முணுமுணுத்தாள் மார்னி.

---

நாலரைக்கு மார்னியின் போன் அடித்தது. சிகாகோவில் அவளோடு வேலை செய்கிற டெஸ். அந்த அலுவலகத்தில் இப்போதும் அவளோடு பேசுகிற ஒரே ஆள்.

"மார்னி, நான் சொன்னேன்னு யாருக்கும் தெரியக்கூடாது."

"என்ன?"

"அந்தப் படத்தைப் பெருசு பண்ணியிருக்காங்க. பீப்பாய் விளிம்புல ஒரு மஞ்சள் அட்டை தெரியுது. நீலக் குதிரை போட்டது. அந்தப் படப் புத்தகம்தான். சந்தேகமே இல்ல."

"அது நூலக மாடியில இருக்கு, டெஸ்."

"யாராவது போய்ப் பாத்தீங்களா? சரி, கேளு. முதல் கேள்வியே உங்கம்மாகிட்ட, 'அந்தப் புத்தகம் எரிஞ்சுதா?' அவங்க இல்லன்னு சொன்னதும் இதைத் திரையில காட்டப்போறாங்க. அதுக்குத்தான் நேரடி ஒளிபரப்புக்கு இவ்வளவு சுலபமா ஒத்துக்கிட்டாங்க. நான் வைக்கறேன்."

மார்னி பின்கதவு இடுக்கில் நுழைந்து வெளியே ஓடினாள்.

வெண்டெல் பீப்பாய்க்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். மாட்டுக் கொட்டகை இந்தப் பக்கமே இல்லை. சாம்பலைக் கவைக்கோலால் கிளறிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"மஞ்சள் அட்டையா?"

கவைக்கோல் நின்றது.

"அது தள்ளுவண்டியில தனியா கெடந்துச்சு," என்றார் வெண்டெல். "மாடிக்கு ஏத்தறதுக்கு எடுத்து வச்சிருந்தாங்க. பூஞ்சைப் பெட்டி எல்லாத்தையும் என் வண்டியில ஏத்திட்டேன். அங்க யாருமில்ல. புரட்டிப் பாத்தேன். பத்து வயசுப் பிள்ளைக்கு அதெல்லாம் எதுக்குடி? எடுத்து மேல போட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகல."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வீட்ல விட்டிருப்பாளா?"

"அம்மா ஊர் முன்னாடி நின்னு முடிவு பண்ணின புத்தகம்ப்பா அது! உங்களுக்குப் பிடிக்கலன்னா கூட்டத்துல எழுந்து சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா? உன் டிவி என்னை எப்படிக் காட்டியிருக்கும்?"

"இப்ப எப்படிக் காட்டப்போகுது?"

வெண்டெலின் தாடை அசைந்தது. அவர் அழுது மார்னி பார்த்ததில்லை. இப்போதும் அழவில்லை. ஆனால் குரல் வேறு யாருடையதோ போல வந்தது.

"பத்து வயசுல நீ என் மடியில உக்காந்து டிராக்டர் ஓட்டின. சாப்பாட்டுக்கு முன்னாடி ஜெபம் நீதான் சொல்லுவ. அப்புறம் படிக்கப் போன. திரும்பி வந்தது வேற யாரோ. மேசையில நான் ஜெபம் பண்றப்ப நீ போனைப் பாக்கற. நான் பேசினா உன் மூஞ்சி சுருங்குது. யாரோ உன்னை எங்கிட்டேருந்து எடுத்துட்டாங்க. எப்ப, எப்படின்னு எனக்குத் தெரியல."

"ஒரு படப் புத்தகமா என்னை எடுத்துட்டுப் போச்சு?"

"இல்லதான். எதுன்னு தெரியலடி. தேடிக்கிட்டே இருந்தேன். இது ஒண்ணு கையில கெடச்சுது."

மார்னி பதில் சொல்ல வாயெடுத்தாள். ரோட்டு முனையில் ஆண்கள் குரல் உயர்ந்தது. தாடிக்காரர் கேமரா வண்டியை மறித்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு விட்டார். புழுதி வீட்டை நோக்கி வந்தது.

"அம்மாகிட்ட சொல்லணும்ப்பா. இப்பவே."

"சொன்னா அவ அப்படியே டிவியில சொல்லிடுவா."

"ஆமா."

"என்னை எரிச்சுடுவாங்க. அந்தக் கார்க்காரனுங்க. இந்தத் துப்பாக்கிக்காரனுங்க என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போவானுங்க. எது மோசம்னு எனக்குத் தெரியல."

"சொல்லலன்னா அம்மா இல்லன்னு சொல்லுவா. சத்தியம்கூடப் பண்ணுவா. அதுக்கப்புறம் அம்மாவைத்தான் எரிப்பாங்க."

வெண்டெல் கவைக்கோலைப் பீப்பாயில் சாய்த்தார்.

"நானே சொல்றேன். நீ சொல்லக்கூடாது. நான்தான் சொல்லணும்."

---

சமையலறை அவர்களுடையதாகவே இல்லை. விளக்கு, வயர், முக்காலி. ஒமாஹாக்காரர் நல்ல மனிதர். பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டுக் காலுறையோடு நின்று வேலை செய்துகொண்டிருந்தார். ரன்சாவில் பாதியைக் கடித்து ஜன்னல் கட்டையில் வைத்திருந்தார். ஆர்லிஸ் தேவாலயத்துக்குப் போகிற நீலச் சட்டையில், அடுப்புக்கு முன்னால் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். காதில் ஒரு சின்னக் கருவி. காலரில் மைக்.

"அம்மா, ஒரு நிமிஷம். அப்பா உங்கிட்ட..."

"சத்தம் வேணாம்மா, ஸ்டூடியோவுல பேசறாங்க," கேமராக்காரர் கையைத் தூக்கினார். "இன்னும் கொஞ்ச நேரம்தான்."

"வெண்டெல், என் தலைமுடி சரியா இருக்கா?"

வெண்டெல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். விரல் நகங்களில் கறுப்புச் சாம்பல்.

"ஆர்லிஸ்..."

"என்னய்யா இது, கையெல்லாம் கரி? மாட்டைப் பாக்கப் போறேன்னு சொன்ன?"

"ஆர்லிஸ், நான் ஒண்ணு..."

"இரு, காதுல என்னமோ சொல்றாங்க." அவள் கருவியை அழுத்திக்கொண்டு தலையைச் சாய்த்தாள். நெற்றி சுருங்கியது. அந்தப் பக்கம் இருந்தவர்கள் இவளிடம் பேசவில்லை, தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். இவளுக்குக் கேட்கிறது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. "படம் தயார்" என்று ஒரு குரல். "அந்த அம்மா இல்லன்னதும் போடு" என்று இன்னொரு குரல்.

மார்னி அப்பாவின் முழங்கையைப் பிடித்துத் தள்ளினாள். அவர் ஒரு அடி முன்னால் வந்தார். வாய் திறந்தது.

ஆர்லிஸ் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள். மூன்றாம் வகுப்பில் பொய் சொல்ல வந்து நின்ற எத்தனையோ முகங்களைப் பார்த்தவள் அவள்.

கேமராவின் மேல் சின்னதாகச் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆர்லிஸ் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மூவாயிரம் மைல் நீளத் தேசம் அவள் பக்கவாட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் புருஷனைப் பார்த்தபடியே, அமைதியாக, சாப்பாட்டு மேசையில் உப்பைக் கேட்கிற குரலில் கேட்டாள்:

"வெண்டெல், நான் மாடியில வைக்கச் சொன்ன புத்தகம் எங்க?"